இடது கையில் ஒரு சின்னப் பொக்கெற்

சுவிஸில் இருந்து மாமி அனுப்புகிற பெட்டிகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மேலே சொக்லேற், அதற்குக் கீழே சவர்க்காரமும் மேஸும், ஆக அடியில் மாமா போட்டுக் கழித்த சேட்டுகள். மூன்று வருசத்துக்கு முன்னம் வந்த பெட்டியில் சேட்டுகளுக்கும் கீழே ஒரு ஜக்கெற் கிடந்தது. கத்தரிப்பூ நிறம். முழங்கைப் பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மச்சாளுடையது. "யாழ்ப்பாணத்து வெயிலுக்கு உதை ஆர் போடுறது? அண்ணிக்கு ஊர் மறந்துபோச்சு" என்று சொல்லி அம்மா அதை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்தார்.

நாங்கள் ரெண்டு பேர். ஒருத்தி கம்பஸில் கலைப்பீடம், மூன்றாம் வருசம். மற்றவள் ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறவள். எழுதுகிறது பெரியவள்தான். ஆனால் ஜக்கெற் ஒன்று, போடுகிற ஆக்கள் இரண்டு. மச்சாளோடு கதைக்கிறபோதும் ஒரே ஃபோனுக்குள் ரெண்டு தலையும் நிற்கும். அதனால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

பெரியவளின் பட்ச் ஹோட்டன் சமவெளிக்கு ட்ரிப் போனபோதுதான் ஜக்கெற் அலுமாரியை விட்டு இறங்கியது. 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிற இடம். விடியக்காலமைக் காற்று காதைப் பிய்க்கும். பட்சில் பாதிப்பேர் ரெண்டு ரீசேட் போட்டு, அதற்கு மேல் துவாயைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். ஜக்கெற்காரிக்கு மட்டும் உலகமுடிவுக்குப் போகிற வழியில் வியர்த்து ஊத்தியது. கழற்றப் பார்த்தால் அக்குளுக்குக் கீழே ஒரு சிப். திறந்தால் காற்று உள்ளே வந்தது. ஒரு உடுப்பில் அக்குளுக்கென்று தனியாகக் கதவு வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.

வீட்டுக்கு வந்து ரெண்டு பேருமாக அதை மேசையில் விரித்து வைத்து ஆராய்ச்சி செய்தோம். இடுப்புக்கு உள்ப்பக்கம் இலாஸ்ரிக் வைத்த ஒரு குட்டிப் பாவாடை. கை நுனியில் பெருவிரல் விடுகிற ஓட்டை. கழுத்து லேபலில் 10,000 என்று ஒரு இலக்கம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு 10,000. இடது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, பஸ் சீசன் அளவில் ஒரு சின்னப் பொக்கெற். அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் காட் இன்னும் கிடந்தது. கடைசியாக, தலைமூடிக்குக் கிட்டத் துணிக்குள்ளே தைத்திருந்த ஒரு சின்னக் கட்டி. நசித்தால் வளையும், ஆனால் துணி இல்லை. எல்லாவற்றையும் படம் எடுத்து மச்சாளுக்கு வட்சப்பில் போட்டோம்.

ஆறு நிமிச வொய்ஸ் மெசேஜ் வந்தது. முதல் ஒரு நிமிசம் சிரிப்பு. குட்டிப் பாவாடை, விழுந்து உருளுகிறபோது இடுப்பு வழியாகப் பனி உள்ளே ஏறாமல் இருக்க. முதல் 10,000, துணி தாங்குகிற தண்ணீரின் உயரம், மில்லிமீற்றரில். அதாவது அந்தத் துணிக்கு மேல் பத்து மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால்தான் கசியத் தொடங்கும். மற்ற 10,000, உடம்பின் ஈரம் வெளியே போகிற கணக்கு: ஒரு சதுர மீற்றர் துணியால் ஒரு நாளுக்கு இத்தனை கிராம் நீராவி. கார்த்திகை மழைக்குள் பிளாஸ்ரிக் ரெயின்கோட் போட்டுச் சைக்கிள் ஓடிப் பழகின எங்களுக்கு ரெண்டாவது இலக்கத்தின் அருமை உடனே விளங்கியது. மழை நனைக்காத கோட்டுக்குள் எங்கள் வியர்வையே எங்களை நனைத்துவிடும். சின்னப் பொக்கெற் லிஃப்ற் ரிக்கெற் வைக்க. மேலே போகிற கம்பி லிஃப்ற்றின் கேற்றில் கையுறையைக் கழற்றி ரிக்கெற் தேடத் தேவையில்லை, கையைக் கிட்டக் கொண்டுபோனால் காட்டில் இருக்கிற சிப்பைக் கேற் தானே வாசித்துத் திறக்கும்.

"அந்தக் கட்டி?" என்று கேட்டோம்.

"அதைப் பிறகு சொல்லுறன்."

மச்சாள் ஸ்நோபோர்ட் ஓடுகிறார் என்று எங்களுக்கு முதலே தெரியும். மாமியின் ஃபேஸ்புக்கில் படம் பார்த்திருக்கிறோம். ஆனால் எங்களுக்கு அது பணக்காரப் படங்களில் வருகிற விசயம். அந்த மெசேஜுக்குப் பிறகுதான், ஒவ்வொரு சாமானாக, அவர் எதை முதல் வாங்கினார், எதைக் கடைசியாக வாங்கினார், எதை வாங்காமல் விட்டார் என்கிற கதை வந்தது. அந்த ஒழுங்கில் மாமா வீட்டின் கதையும் கிடக்கிறது.

சுவிஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் ஒரு கிழமை மலைக்குக் கொண்டுபோவார்கள். ஸ்கிலாகர் என்று பெயர். மச்சாளுக்குப் பன்னிரண்டு வயசில் அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்தது. முகாம் காசு ஒருபுறம், கொண்டுவர வேண்டிய சாமான் லிஸ்ற் மறுபுறம். (கட்டாயப் பள்ளி முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டும், நாளுக்கு 10 முதல் 16 பிராங்க் வரைதான் வாங்கலாம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. மச்சாள் போனது அதற்கு முன்னம்.) மாமா ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. இரவு பதினொன்றரைக்கு வந்து, அந்த லிஸ்ற்றைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் நேரே விலை எழுதினாராம்.

ஸ்கீயா ஸ்நோபோர்டா என்று தெரிவு செய்யச் சொல்லியிருந்தது. மாமா எண்ணிப் பார்த்தார். ஸ்கீ என்றால் கட்டை ரெண்டு, தடி ரெண்டு. ஸ்நோபோர்ட் என்றால் பலகை ஒன்று. சாமான் குறைவு, காசும் குறைவாகத்தான் இருக்கும். மச்சாள் ஸ்நோபோர்ட்காரி ஆனது இப்படித்தான். அவருடைய வகுப்புப் பெடியள் ஒலிம்பிக் பார்த்து ஆசைப்பட்டவங்கள், இவர் மாமாவின் கணக்கால் வந்தவர்.

களிசானும் கையுறையும் ப்ரொக்கியில் எடுத்தது. ப்ரொக்கி என்றால் அங்கே பழைய சாமான் விற்கிற கடை. பலகை வாடகைக்கு. சப்பாத்து, தெரிந்த ஒரு ஆளின் மகளுடையது, இரவல், ரெண்டு சைஸ் பெரிசு. மாமி உள்ளே ரெண்டு சோடி மேஸ் போட்டுவிட்டார், குளிருக்கும் ஆச்சு, அளவுக்கும் ஆச்சு என்று.

இந்த இடத்தில் நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வெள்ளைச் சப்பாத்துகளும் அப்படித்தான் வாங்கினது. தை மாதம் புதுச் சப்பாத்து என்றால் நுனியில் பஞ்சு அல்லது பேப்பர். "பெரிசா எடுத்தால் வாற வருசமும் போடலாம்." எங்கள் அம்மாவும் மாமாவும் ஒரே வீட்டில் வளர்ந்த ஆக்கள்தானே.

ஆனால் வெள்ளைச் சப்பாத்தில் நாங்கள் பள்ளிக்கூடம்தான் போனோம். ஸ்நோபோர்டில் சப்பாத்துத்தான் ஸ்ரேரிங். பலகையின் ரெண்டு பக்கமும் உருக்கு விளிம்பு இருக்கும். விரல் நுனியை அழுத்தினால் ஒரு விளிம்பு பனியைக் கடிக்கும், குதியை அழுத்தினால் மற்றது. குதி சப்பாத்துக்குள் ஒரு சென்ரிமீற்றர் மேலே எழும்பினாலே நீங்கள் அழுத்தினது பலகைக்குப் போய்ச் சேராது. அதோடு, ஸ்கீயில் விழுந்தால் சப்பாத்து பைண்டிங்கில் இருந்து கழன்றுவிடும். ஸ்நோபோர்டில் கழராது. ரெண்டு காலும் ஒரே பலகையில் கட்டியபடி விழ வேண்டும். கால் அசைய முடியாது என்றபடியால் உடம்பு கையைத்தான் ஊன்றும். புதுசாகப் பழகுகிற ஸ்நோபோர்ட்காரருக்கு ஆகக் கூடுதலாக உடைகிறது மணிக்கட்டு என்பது இதனால்தான். மச்சாளுக்கு ரெண்டாம் நாள் உடைந்தது. இடது கை.

மாமா லீவு எடுத்து, ரெயினில் போய், பிள்ளையைக் கூட்டி வந்தார். ஏசவில்லையாம். முகாம் வாசலில் குந்தியிருந்து, மச்சாள் காலில் கிடந்த அந்த இரவல் சப்பாத்தின் குதிக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தார். ரெண்டு விரல் போனது. வீடு வரைக்கும் கதைக்கவில்லை. மாமிதான் கதைத்தார். "இனி உந்தப் பலகைப் பக்கம் போனியெண்டால் தெரியும்."

நாலு வருசம் போகவில்லை. பதினாறு வயசில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே பழகுகிற காலத்திலேயே கொஞ்சம் சம்பளம் கொடுப்பார்கள். முதல் சம்பளத்தில் ஃபோன் வாங்குவார் என்று எல்லாரும் நினைக்க, மச்சாள் பெண்களுக்கான ஸ்நோபோர்ட் சப்பாத்து ஒன்று, புதுசு, சம்பளத்தில் பாதிக்கு மேலே கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். பலகை இல்லை. ஹெல்மெற் இல்லை. சப்பாத்து மட்டும். பலகை இல்லாமல் சப்பாத்து வாங்கினவளைப் பார்த்து மாமி, "மாடு இல்லாமல் மணி வாங்கியிருக்கு" என்றாராம்.

சப்பாத்துத் தெரிவைப் பற்றி மச்சாள் கதைத்த அளவுக்கு வேறெதைப் பற்றியும் கதைத்ததில்லை. கடையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறார். நிமிர்ந்து நிற்கிறபோது பெருவிரல் நுனியில் மெல்ல முட்ட வேண்டும். முழங்காலை மடித்துக் குனிந்தால் அதே விரல் கொஞ்சம் பின்னுக்கு வர வேண்டும். குதி கொஞ்சமும் எழும்பக்கூடாது. மேஸ் ஒன்றுதான், அதுவும் மெல்லிசு. ரெண்டு போட்டால் மடிப்பு விழும், இறுகும், இரத்தம் ஓடாமல் கால் கூடக் குளிரும். மாமி நல்லதென்று நினைத்துச் செய்தது தலைகீழ். பருத்தியும் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்ற உடனே உறையத் தொடங்கும். கம்பளி அல்லது செயற்கை நூல். புதுச் சப்பாத்து கொஞ்ச நாள் ஓட உள்மெத்தை படிந்து இளகும் என்றபடியால், கடையில் "சுகமாக இருக்கு" என்று தோன்றுகிற சப்பாத்து அடுத்த மாதம் பெரிசாகிவிடும். "கடையில கொஞ்சம் கோவம் வரவேணும், அதுதான் சைஸ்" என்று சொன்னார்.

அதற்குப் பிறகு ஹெல்மெற், அதுவும் புதுசு. ஹெல்மெற்றுக்குள் இருக்கிற நுரை ஒரு பெரிய அடியை வாங்கி நசிந்தால் அதோடு சரி. வெளியே ஓடு மினுங்கிக்கொண்டு இருக்கும். பழசாக விற்கிறவர் எங்கே விழுந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. பெரியாக்கள் ஹெல்மெற் போட வேண்டும் என்று சுவிஸில் சட்டம் இல்லை, ஆனால் போடாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டுமாம். (எங்களூரில் சட்டம் இருக்கிறது. பொலிஸ் நிற்கிற சந்திக்கு முன்னம் மாட்டிக்கொண்டு, தாண்டினதும் கழற்றுகிற அண்ணாமாரை மச்சாளுக்கு விளக்கப்படுத்த முடியவில்லை.) மூன்றாவது, கையுறைக்குள் போடுகிற மணிக்கட்டுக் கவசம். அது ஸ்ரைலாக இல்லை என்று நண்பர்கள் பகிடி பண்ணியிருக்கிறார்கள். "அவையளுக்கு உடையேல்ல, எனக்கு உடைஞ்சது" என்பதுதான் அவருடைய பதில். விரலைப் பொத்திக்கொண்டு, முன்னங்கையில் விழப் பழகினதும் அப்போதுதான்.

பலகை நாலாவதாக வந்தது. ப்ரொக்கியில். கீழ்ப்பக்கம் கல்லில் உரசி நாலைந்து கோடு, ஒரு மூலையில் பூச்சு உரிந்தது, 60 பிராங்க். "உடம்பில படுறது புதுசு, பனியில படுறது பழசு" என்று அவர் சொன்னபோது தங்கச்சி அதைக் கொப்பியில் எழுதினாள், ஏதோ பாஸ் பேப்பர் கேள்வி மாதிரி.

எங்களுக்கு அதுவரை பலகைதான் ஸ்நோபோர்ட். படங்களில் அதுதானே தெரிகிறது. அடியில் பூவும் மண்டையோடும் கீறின பலகை. மச்சாள் சொல்லத்தான் விளங்கியது, பலகை உங்கள் உயரத்தை அவ்வளவாகப் பார்க்காது, பாரத்தைத்தான் பார்க்கும். நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது கடைக்காரர் சொல்கிற சுலபக் கணக்கு. அகலம் சப்பாத்து நீளத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும். ஒடுக்கம் என்றால் திரும்புகிறபோது விரல் பனியில் இழுபடும், அகலம் கூடினால் திருப்ப முடியாது. பிறகு வளைவு. சில பலகையை நிலத்தில் வைத்தால் நடுப்பகுதி வில்லு மாதிரி மேலே எழும்பி நிற்கும், ஏறி நின்றால்தான் தட்டையாகும். அது விளிம்பு முழுவதையும் பனியில் அமர்த்தும், வேகத்துக்கு நல்லது, ஆனால் பிழை விட்டால் உடனே விழுத்திவிடும். சில பலகை மறுவளமாக, வாழைப்பழம் மாதிரி ரெண்டு நுனியும் மேலே. அது பிழையை மன்னிக்கும், கட்டிப் பனியில் மட்டும் வழுக்கும். மச்சாளின் 60 பிராங்க் பலகை ரெண்டும் கலந்தது. தெரிந்து எடுத்ததா என்று கேட்டோம். இல்லை, கடையில் பெண்கள் அளவில் அது ஒன்றுதான் கிடந்ததாம்.

கோடுகளை மூட, மெழுகுதிரி மாதிரி இருக்கிற ஒரு பிளாஸ்ரிக் குச்சியைக் கொளுத்தி உருக்கி ஊற்றி, ஆறினதும் சுரண்டி மட்டமாக்குவார்கள். அதற்குப் பிறகு மெழுகு. அயன் பொக்ஸால் உருக்கித் தேய்க்க வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு அயன் பொக்ஸ். அடுத்த நாள் மாமாவின் வேலை சேட்டில், முதுகு நடுவில், ஒரு மெழுகுப் பாதை. மாமியின் ஏச்சை மச்சாள் அப்படியே நடித்துக் காட்டினார், எழுத்தில் போட ஏலாது. மாமா புது அயன் பொக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, பழையதை ஒன்றும் சொல்லாமல் மச்சாளின் அறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சம்மதம் அந்த அயன் பொக்ஸ்தான்.

பைண்டிங், கண்ணாடி பற்றியெல்லாம் அவர் கனக்கச் சொல்லவில்லை. பைண்டிங் பழசு, வார் மட்டும் புதுசு. முகில் மூடின நாளில் வெள்ளையில் வெள்ளை ஒன்றும் தெரியாது, மேடு பள்ளம் எல்லாம் ஒன்று, அதனால் மஞ்சள் அல்லது ரோஸ் நிறக் கண்ணாடி ஒன்று கூட வேணும், அவ்வளவுதான். எந்தக் கால் முன்னுக்கு என்பதுதான் பம்பல். இடது கால் முன்னுக்கு நின்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. வீடியோ கோலில் எங்களை மேஸோடு சீமெந்து நிலத்தில் ஓடி வந்து சறுக்கச் சொன்னார். பெரியவள் ரெகுலர். தங்கச்சி கூஃபி, மச்சாள் மாதிரியே. அன்றைக்கு முழுக்க அவளைப் பிடிக்க முடியவில்லை, ஏதோ சுவிஸ் பாஸ்போட் கிடைச்ச மாதிரி.

ஒருநாள் நாங்கள் ஒரு தர்க்கத்தோடு போனோம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா சுப்பர்-ஜி ஸ்கீ ஓட்டத்தில் 0.01 செக்கனால் தங்கம் வென்றவர். அவர் ஸ்நோபோர்ட்காரி என்றுதான் எல்லாருக்கும் தெரியும், ஒரு கிழமைக்குள் ஸ்நோபோர்டிலும் தங்கம் எடுத்தார். அந்த ஸ்கீ ஓட்டத்துக்கு அவர் கொண்டுபோனது, அமெரிக்காவின் மிக்கேலா ஷிப்ரின் முன்னர் பாவித்த ஸ்கீ. "பாத்தீங்களா மச்சாள், இரவல் சாமானிலயும் தங்கம் வரும்." மச்சாள் யோசிக்கவே இல்லை. "கட்டை இரவல் குடுப்பினம். சப்பாத்து ஆர் குடுப்பினம்?"

இந்தப் பலகை எப்படி வந்தது என்று தேடி வாசித்தபோது எங்களுக்குப் பிடித்த ஒரு விசயம் கிடைத்தது. 1965இல் மிச்சிகனில் ஷேர்மன் பொப்பன் என்கிற ஒருவர், தன் மகள்மார் பனியில் சறுக்கி விளையாட, ரெண்டு ஸ்கீயைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தார். பனியும் சேர்ஃபிங்கும் சேர்ந்து அதற்கு ஸ்னேர்ஃபர் என்று பெயர் வந்தது. பைண்டிங் இல்லை, பிடிக்க நுனியில் ஒரு கயிறு. 1977இல் ஜேக் பேர்ட்டன் வெர்மொன்றில் பலகை செய்து விற்கத் தொடங்கியதும், 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் அது ஏறியதும் அதற்குப் பிறகு. தொடக்கத்தில் இருந்தது வீட்டில் இருந்த சாமானை வைத்துப் பிள்ளைக்கு ஏதோ செய்து கொடுத்த ஒரு அப்பா. மச்சாளுக்கு இதை அனுப்பினோம். ரெண்டு நீல ரிக் மட்டும் வந்தது, பதில் வரவில்லை.

போன ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கு, மச்சாள் ஊருக்கு வந்தார். அம்மம்மாவுக்குச் சுகமில்லை, அதுதான் உண்மையான காரணம். ஒரு இரவு கரண்ட் போய், வெளி விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தோம். நாங்கள் பழைய ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டோம். பகிடிக்குத்தான். அவர் இருட்டில் தடவி, தலைமூடிக்குக் கிட்ட இருந்த கட்டியை விரலால் பிடித்தார்.

"இது ரெக்கோ. ஒரு சின்னத் தகடு, பற்றறி ஒண்டும் இல்லை. மீட்புக்காரர் ஒரு கருவியால சிக்னல் அனுப்பினால் இது திருப்பி அனுப்பும். பனிக்குக் கீழ ஆள் எங்க கிடக்கெண்டு தேட."

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நாங்கள் எத்தனை செல்ஃபி எடுத்திருக்கிறோம்.

பிறகு சொன்னார். ரெண்டு வருசமாக அவர் அடையாளம் வைத்த பாதைக்கு வெளியே, ஒருவரும் மிதிக்காத பனியில் ஓடுகிறார். ரெண்டு நண்பர்கள், ஒரு பயிற்சி நெறியும் படித்திருக்கிறார்கள். அதற்கு மூன்று சாமான் கட்டாயம். நெஞ்சில் கட்டுகிற ஒரு கருவி, 457 கிலோஹேர்ட்ஸில் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆள் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடுகிற நிலைக்கு மாற்றித் தேடுவார்கள். குத்திப் பார்க்க ஒரு நீளத் தடி, மடித்து வைக்கலாம். ஒரு மண்வெட்டி. மூன்றும் சேர்த்து 400 பிராங்குக்குக் கிட்ட. மூன்றையும் புதுசாகத்தான் வாங்கினார். ரெக்கோ இதற்குப் பதில் இல்லை, அது மீட்புக்காரர் வந்த பிறகுதான் உதவும். அவர்கள் வரும்வரைக்கும் காலம் இல்லை. புதைந்தவர் முதல் பத்துப் பதினைந்து நிமிசத்துக்குள் வெளியே வந்தால் பிழைக்கிற வாய்ப்பு நல்லா இருக்கும், அதற்குப் பிறகு மளமளவென்று குறையும். அதாவது உங்களைத் தோண்டி எடுக்கப் போகிறது பக்கத்தில் நிற்கிற நண்பர்தான். "இந்தச் சாமான் எனக்கில்லை. நான் அவையளுக்காக வாங்கினது, அவையள் எனக்காக வாங்கினது."

"அது இருந்தால் ஒண்டும் ஆகாதுதானே?" என்று தங்கச்சி கேட்டாள்.

மச்சாள் கிறெய்க் கெலியைப் பற்றிச் சொன்னார். உலகச் சம்பியனாக இருந்து, போட்டியை விட்டு மலைக்குள் போனவர், மலை வழிகாட்டியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர். 2003 ஜனவரி 20, கனடாவில் ரெவெல்ஸ்ரோக் பக்கம், பனிச்சரிவு. அவரோடு சேர்த்து ஏழு பேர். "அவரை விடச் சாமானும் அறிவும் கூட இருந்த ஆள் ஆர்?"

நாலாவது ஒரு சாமானும் இருக்கிறது. காற்றுப் பை வைத்த முதுகுப் பை. கயிற்றை இழுத்தால் செக்கனுக்குள் பலூன் மாதிரி ஊதி, ஓடுகிற பனிக்குள் ஆளை மேற்பக்கம் வைத்திருக்கப் பார்க்கும். ஆயிரம் பிராங்குக்குக் கிட்ட வரும். அதற்கு மச்சாள் காசு சேர்த்து வைத்திருந்தார்.

"வாங்கினீங்களா?"

"இல்லை." கொஞ்சம் சிரித்தார். "அந்தக் காசுக்குத்தான் ரிக்கெற் போட்டு இஞ்ச வந்தனான்."

உள்ளே அம்மம்மா இருமிக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. வந்திருக்க வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது. அவர் வந்து பதினொரு நாள் அம்மம்மாவின் கட்டிலில், அம்மம்மாவின் காலடியில் படுத்தார். வந்தது நல்லது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மாமாவுக்கு இது ஒன்றும் தெரியாது. நெஞ்சில் கட்டுகிற கருவியை வோக்கி ரோக்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மண்வெட்டியைக் கண்டு, "பனிக்குள்ள என்ன தோட்டமோ?" என்று பகிடி விட்டாராம். ஆனால் ஒவ்வொரு வருசமும் முதல் தடவை மச்சாள் மலைக்கு வெளிக்கிடுகிற காலமை, மாமா வாசலில் குந்தியிருந்து அவர் சப்பாத்தின் குதிக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்ப்பார். இரவு வேலை முடித்து வந்து மூன்று மணித்தியாலம்தான் படுத்திருந்தாலும் எழும்புவார். விரல் போகாது. "சரி, போட்டு வா" என்பார். இதைச் சொல்கிறபோது மட்டும் மச்சாளின் குரல் கொஞ்சம் மாறியது. "அப்பா சப்பாத்தைப் பாக்கிறார். நான் முதுகில என்ன கொண்டுபோறன் எண்டு பாக்கிறேல்ல. பாத்தால் விடமாட்டார்."

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். அம்மாவுக்குத் தெரிந்தால் அரை மணித்தியாலத்தில் மாமாவுக்குத் தெரியும். நாங்கள் சொல்லவில்லை. மூன்று மாதம் அது நெஞ்சுக்குள் கிடந்து உருண்டது. ஒருத்தி சொல்லிவிடுவோம் என்பாள், மற்றவள் சத்தியம் என்பாள், அடுத்த கிழமை ரெண்டு பேரும் கட்சி மாறியிருப்போம். கடைசியில் மச்சாளையே கேட்டோம், இதைக் கட்டுரையாக எழுதட்டா என்று. ரெண்டு நாள் பதில் இல்லை. பிறகு எழுதியிருந்தார்: "எழுதுங்கோ. அப்பா ஃபோனில தமிழ்க் கட்டுரைதான் வாசிக்கிறவர். என்ர வாயால சொன்னால் கத்துவார். உங்கட எழுத்தில எண்டால் முடியும்வரைக்கும் வாசிப்பார்."

ஆகவே மாமா, இவ்வளவு தூரம் வாசித்திருந்தால், அவவுக்கு உடனே கோல் எடுக்க வேண்டாம். முதலில் அந்த வோக்கி ரோக்கியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ. எப்படித் தேடுறது என்று அவவுக்கு வடிவாகத் தெரியும், எங்களுக்கு விறாந்தையில் தேங்காய்ச் சிரட்டையை ஒளித்து வைத்துக் காட்டினவ.

மார்கழியில் இருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. டாவோஸில் இருக்கிற பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் நாளாந்தம் பின்னேரம் ஐந்து மணிக்கு அடுத்த நாளுக்கான பனிச்சரிவு அறிக்கையைப் போடும். எங்களுக்கு அது இரவு ஒன்பதரை. ஒருத்தி ஹொஸ்டலில் இருந்து, மற்றவள் வீட்டில் இருந்து அதைத் திறப்போம். வரைபடத்தில் மலைகள் நிறம் நிறமாக இருக்கும். 1 பச்சை, 2 மஞ்சள், 3 செம்மஞ்சள், 4 சிவப்பு. ஐந்தில் மூன்றுதானே, நடுவில்தானே என்று முதலில் நினைத்தோம். ஆகக் கூடுதலான ஆக்கள் சாகிறது மூன்றில்தான் என்று மச்சாள் சொல்லியிருக்கிறார். நாலில் ஒருவரும் வெளிக்கிடமாட்டார்கள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு அவருக்கு லீவு. அவருடைய பக்கத்து மலைகள் செம்மஞ்சள். தங்கச்சி ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மச்சாள் அதைப் பார்த்துவிட்டு ஒரு படம் திருப்பி அனுப்பினார்: சோபாவில் கால் ரெண்டும், காலில் மாமியின் பழைய மேஸ், ரெண்டு சோடி.